ஏழு மீட்டர் தூரம்

ஜே.சி. ரோட்டில் நான் ஏறிய மூன்றாவது கடை.
என்ன லோடு, என்றார் நயாஸ் பாய்.
ஃபிரிட்ஜ் மாதிரி ஒன்று.
எத்தனை லிட்டர்?
லிட்டர் கணக்கில்லை. ஆறரை அடி.
ஐஸ்கிரீம் வியாபாரமா?
கண்ணாடி மூடி, மாலை மாட்ட ஓரத்தில் கொக்கி
என்று சொன்னதும்
பேனாவின் மூடியைக் கழற்றி
மறுபடி மூடினார்.

ஓடும்போது நானூற்றைம்பது வாட்தான்.
ஓடத் தொடங்கும் அந்த ஒரு நொடிக்கு
மூன்று மடங்கு கேட்கும் கம்ப்ரசர்.
பட்டுத் தெரிந்துகொண்டது.
போன சித்திரையில், ஆஸ்டின் டவுனில்,
ஒரு கே.வி.ஏ. வாடகை மெஷின்
பெட்டியைக் கொடுத்ததும் முக்கியது, இருமியது, நின்றது.
விடியும்வரை
மீன் மார்க்கெட் ஐஸ்பாரை உடைத்து உடைத்துக் கொட்டினோம்
ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜரைச் சுற்றி.
சாம்பிராணியால் அந்த வாடையை மூட முடியவில்லை.
பிள்ளைகள் மரியாதைக்காரர்கள்.
பாதி வாடகை தந்தார்கள்.

அப்படியானால் இது, என்றார்.
மூன்று கே.வி.ஏ., முப்பத்தெட்டாயிரம்,
பெட்டி, பந்தல் விளக்கு, நாலு ஃபேன், எல்லாம் இழுக்கும்.
கயிற்றைச் சுண்டினார்.
ஷட்டர் நடுங்கியது.
பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து
கன்னடத்தில் அவருடைய பரம்பரையை விசாரித்தார்.

எடை நாற்பத்தைந்து கிலோ.
ஸ்ரீராமபுரத்துச் சந்துகளில்
பெட்டியே ஒருக்களித்துத்தான் போகும்.
தூக்க நானும் ஜோதிராஜும்தான்.

இன்னொன்று சிவப்பு, சூட்கேஸ் மாதிரி கைப்பிடியோடு.
இன்வெர்ட்டர் டைப். இருபத்தொரு கிலோ.
இரண்டு கே.வி.ஏ.வுக்குக் கொஞ்சம் குறைவு,
விலை மட்டும் தொண்ணூற்றிரண்டு.
ஏழு மீட்டரில் ஐம்பத்தெட்டு டெசிபல்,
பேப்பரில் போட்டிருக்கு பாருங்க.

பேப்பரை எதற்குப் பார்ப்பது.
ஃபுட்பாத்தில் எட்டுப் போட்டு அளந்தேன்,
கரும்பு ஜூஸ் வண்டிவரைக்கும் ஏழு மீட்டர்.
கடைப்பையனை மெஷின் பக்கத்தில் நிறுத்தி
அழுப்பா, என்றேன்.
அவன் முதலாளியைப் பார்த்தான்.
சத்தமாக வேண்டாம்.
அழுது முடித்தவர்கள்
ராத்திரி மூணு மணிக்கு அழுவார்களே, அந்த மாதிரி.

முதலில் சிரித்தான்.
பிறகு மூக்கை உறிஞ்சி ஏதோ செய்தான்.
பெரிய மெஷினில்
உதடு அசைவது மட்டும் தெரிந்தது.
சிவப்பில் கேட்டது.
போதும் என்ற பிறகும்
கொஞ்ச நேரம் கேட்டது.

பதினெட்டுத் தவணை.
பில் போடும்போது பாய் சொன்னார்:
வீட்டுக்குள் வைக்காதீங்க, ஜன்னல் ஓரமும் வேண்டாம்,
அந்தப் புகையில் ஒன்று உண்டு, வாசனையே இராது,
தூங்குகிறவர்களை எழுப்பாது.
தெரியும் பாய்.
ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டிதான் என்னிடம்.

பெட்டி, நாலு எல்.இ.டி. பல்பு, அவ்வளவுதான்.
ஃபேன் கேட்டால் நியூஸ்பேப்பர் கொடு.
காபி பாய்லர் கேட்டால் காது கேட்காத மாதிரி இரு.
ஜோதிராஜ் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டான்.

முதல் ராத்திரி நீலசந்திராவில்.
இரண்டு நாற்பதுக்குக் கரண்ட் போனது.
சந்து முனையில், பூட்டிய மாவு மில் வாசலில் மெஷின்.
இரண்டாவது இழுப்பில் பிடித்தது.
பெட்டியின் ஸ்விட்சைப் போட்டேன்.
அந்த ஒரு நொடி.
மெஷின் குனிந்தது, குனிந்தேயிருந்தது,
நிமிர்ந்தது.
உள்ளே பெட்டி முனகத் தொடங்கியது.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு சின்ன மருமகள் வந்தாள்.
சார்ஜ் போட்டுக்கலாமாண்ணா?
பத்து வாட்.
பின்னட்டையில் இல்லாத பத்து வாட்.
போடும்மா.
அவளுக்குப் பின்னால் மச்சினர், பந்தல்காரர்,
எதிர்வீட்டு ஆட்டோக்காரர்.
நாலரைக்குள் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில்
பதினோரு போன்.
ஒவ்வொன்றாக உயிர் வந்து
ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தது.
தமிழில், கன்னடத்தில், ஒன்று மட்டும் தெலுங்கில்,
எல்லாவற்றிலும் ஒரே கேள்வி:
எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?

பெட்ரோல் முள்ளில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பத்து மணி என்றால்
தாங்கும்.